காடு பார்க்கப் போனோம், கம்பி அவிழ்க்கத் திரும்பினோம்

(மாதர் பிரிவும் இளைஞர் பிரிவும் சேர்ந்து நடத்திய மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் சிங்கராஜ வனத்துக்குப் போய்வந்த கதையை இந்தக் கூட்டத்தில் சொல்லப்போகிறோம் என்றதும் ஒரு தலைவர் கேட்டார்: "டீச்சர், சம்பளப் பிரச்சினை கிடக்கு, காணிப் பிரச்சினை கிடக்கு. டூர் போன கதையைச் சங்கக் கூட்டத்தில பேசணுமா?" நியாயமான கேள்விதான். கடைசிவரை கேளுங்கள். கேட்ட பிறகும் இது சங்கத்து வேலை இல்லை என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள்.

நாங்கள் என்பது இருபத்தெட்டுப் பேர். கொழுந்து எடுக்கிற பெண்கள் பதினாறு பேர், மலை வேலை செய்கிற ஆண்கள் ஆறு பேர், பத்தாம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர், கடைசியாக இதைப் பேசுகிற டீச்சர். ஒன்பது மாதம் சீட்டுப் பிடித்து பஸ்ஸுக்குக் காசு சேர்த்தோம். ஒரு சனிக்கிழமைப் பேரை எல்லோரும் விட்டோம். ஒரு பேரை விடுவது என்றால் நம் வீட்டில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்படியும் போனோம். ஏனென்றால் அந்தப் பதினாறு பெண்களில் ஒன்பது பேர் மருந்துக்கும் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் தவிர வேறு எதற்கும் ஹட்டனைத் தாண்டியதில்லை.

அதிகாலை இரண்டரை மணிக்கு லயத்தடியில் பஸ் வந்தது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினோம். விடியாத நேரம், பனி, வளைவுக்கு வளைவு வாந்தி. பேப்பர் பையும் எலுமிச்சம்பழமும்தான் அந்தப் பஸ்ஸை ஆண்டன. கித்துல்கல வரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. இடது பக்கமா வலது பக்கமா என்று பார்ப்பதற்குள் ஆறு கூடவே ஓடிவரத் தொடங்கியது. களனி கங்கை.

"இது யார் வீட்டுத் தண்ணி தெரியுமா?" என்று பிள்ளைகளைக் கேட்டோம். தெரியவில்லை. அது நம் வீட்டுத் தண்ணீர்தான். சிவனொளிபாதமலைக் காட்டிலும் அதை ஒட்டிய மலைகளிலும் பிறக்கிற மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் நம் தேயிலை மலைகளுக்கு நடுவே ஓடி, மவுசாகலை, காசல்ரீ அணைகளில் நின்று, லக்சபானையில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கீழே சேர்ந்து களனி கங்கை ஆகின்றன. கொழும்புக்காரர் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கை அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். நம் லயத்துப் பீலியில் தண்ணீர் நின்றுபோகிற மாசி பங்குனியிலும் அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது. இதைச் சொன்னபோது பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா, "அப்ப கொழும்புக்காரங்ககிட்ட தண்ணிக் காசு வாங்கணும் டீச்சர்" என்றார். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மலை உச்சியில் நிற்கிற காடு யாருக்கெல்லாம் சோறு போடுகிறது என்பதற்குத் திரும்ப வருவோம்.

எட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பக்கம் தேயிலை குறைந்து றப்பர் வந்தது. அங்கேயும் லயம், அங்கேயும் நம் ஆட்கள், கையில் கத்தியும் வாளியும். பெண்கள் ஜன்னலில் கை காட்டினார்கள், அவர்களும் காட்டினார்கள். இரத்தினபுரி தாண்டி, கலவானை தாண்டி, வெத்தாகல வழியாகக் குடவ என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை, உடம்பெல்லாம் புழுங்குகிற ஒரு வெக்கை. நம் மலைக் குளிரிலிருந்து இறங்கியவர்களுக்கு மூச்சு முட்டியது.

வன பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்தில் டிக்கட் எடுத்தோம். நம் நாட்டவருக்குச் சின்னத் தொகை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடுவதில்லை. வழிகாட்டிகள் எல்லோரும் சுற்றுக் கிராமங்களில் பிறந்த பையன்கள். எங்களோடு வந்தவர் சிங்களத் தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் பெண்களின் வெறுங்காலையும் செருப்பையும் பார்த்துப் பயந்துவிட்டார். "அக்கா, கூடல்லோ இன்னவா" என்றார். அட்டை இருக்கிறதாம். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் முழங்கால்வரை துணி உறை மாட்டிக்கொண்டு நின்றது. எங்கள் பெண்கள் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைக் காலில் பூசிக்கொண்டார்கள். சவர்க்காரக் கட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். முப்பது வருசமாக அட்டைக்கு இரத்தம் கொடுத்துக் கொழுந்து எடுத்தவர்களுக்கு அந்தத் தம்பி என்ன புதிதாகச் சொல்ல முடியும்?

காட்டுக்குள் போனதும் பேச்சு நின்றுவிட்டது. அங்கே மரங்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு மேலே போகின்றன. கீழே வெளிச்சம் மங்கல். இந்தக் காட்டு மரங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளராதவை. வழியோரத்தில் ஒரு கொடியில் மூடி போட்ட சின்னக் குடம் மாதிரி இலை தொங்கியது. அதற்குள் விழுகிற பூச்சியைத்தான் அந்தச் செடி தின்கிறது என்றார் தம்பி. மரக்கிளையில் மந்திக் கூட்டம் எங்களைப் பார்த்து உறுமியது. ஒரு காட்டுச் சேவல் பாதையைக் குறுக்கே கடந்தது. நீல உடம்பும் சிவந்த அலகும் கொண்ட கெஹிபெல்லா என்ற பறவை ஒரு ஜோடி தாழ்ந்த கிளைக்கு வந்தது. நம் ஆட்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஒரு இடத்தில் எங்கள் பெண்களில் வயதான அம்மா திடீரென்று நின்று, முன்னே போன தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கை வைக்கப் போன செடியில், இலையோடு இலையாக, பச்சை விரியன் சுருண்டு கிடந்தது. வழிகாட்டிக்கே தெரியவில்லை. "எப்படிப் பார்த்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார். அம்மா சொன்னது இதுதான்: "கொழுந்து எது, முத்தின இலை எதுன்னு நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணு. பச்சையில வேற பச்சை இருந்தா தெரியாதா?" மொழிபெயர்த்துச் சொன்னோம். அதற்குப் பிறகு அந்தத் தம்பி அந்த அம்மாவைத் தனக்கு முன்னால் நடக்கவிட்டார்.

பதினொரு மணிபோலப் பறவைக் கூட்டம் வந்தது. கூட்டம் என்றால் ஒரே சாதிப் பறவை இல்லை. சிங்கராஜவில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடிப் போகின்றன. பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைப் பல வருசமாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக ஒரு கூட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இனங்கள், நாற்பது பறவைவரை இருக்கும். ஒன்று கிளையை அசைத்தால் பறக்கிற பூச்சி இன்னொன்றுக்கு இரை. கரிச்சான் மேலே இருந்து காவல் பார்க்கும். பருந்து வந்தால் அதன் சத்தத்தில் எல்லாம் இலைக்குள் ஒளியும். அந்தக் கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலில் கூவி அவற்றைக் கூட்டத்துக்குக் கூப்பிடவும் செய்யும்.

கூட்டத்தின் நடுவில் எப்போதும் அதிகமாக இருப்பது, சளசளவென்று கத்திக்கொண்டே போகிற ஒரு செம்மண் நிறக் குருவி. நம் ஊர்த் தவிட்டுக் குருவிக்குச் சொந்தம். அதன் பெயரைக் கேட்டோம். தம்பி சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ரத்து தெமலிச்சா." சிங்களத்தில் தெமள என்றால் தமிழ். சிங்களம் தெரிந்த அக்கா ஒருவர் பட்டென்று சொன்னார்: "அப்ப நம்ம ஆளுகதான் நடுவில போறாங்க. சத்தமும் நம்ம சத்தம்தான்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். முகம் சிவந்து நின்ற தம்பியும் சிரித்துவிட்டார். கூட்டத்தைக் கலைந்துபோகாமல் வைத்திருப்பதே இந்தக் குருவிதான் என்று அவராகவே சொன்னார். அதை அவர் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. அது ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

மத்தியானம் ஒரு பழைய தெருவில் உட்கார்ந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். காட்டுக்கு நடுவில் லொறி போகிற அகலத்துக்கு எப்படித் தெரு வந்தது? அது மரம் ஏற்றப் போட்ட தெரு. 1970களின் தொடக்கத்தில் இந்தக் காட்டை வெட்டி, கொஸ்கமவில் கட்டிய பிளைவுட் தொழிற்சாலைக்கு மரம் கொண்டுபோனார்கள். விஞ்ஞானிகளும் ஊர்ச் சனங்களும் எதிர்த்துப் பேசினார்கள், எழுதினார்கள். பேசியதும் நின்றுவிடவில்லை. வருசக் கணக்கில் பேச வேண்டியிருந்தது. 1977இல்தான் அரசாங்கம் வெட்டுவதை நிறுத்தியது. 1978இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகம் என்று ஏற்றது. 1988இல் 8,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட இந்தக் காடு உலக மரபுரிமை ஆனது. இப்போது அந்தத் தெருவிலேயே இரண்டு பக்கமும் மரம் வளர்ந்து மேலே கை கோத்து நிற்கிறது.

பிளைவுட் என்றதும் எங்களோடு வந்த பெரியவர், "நம்ம தேயிலைப் பெட்டியும் பிளைவுட்தானே" என்றார். ஆமாம். அந்தக் காலத்தில் தேயிலை கப்பலேறியது பிளைவுட் பெட்டியில்தான். ஸ்டோரில் கழித்துப் போட்ட பெட்டிதான் அவர் வீட்டில் அலுமாரி, அதுதான் அவர் பாடம் எழுதிய மேசை. காடு வெட்டின கதையில் நமக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. நம் முப்பாட்டன்மாரைக் கூட்டிவந்ததே காட்டை வெட்டத்தான். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்து, வழியிலே செத்தவர்கள் போக மிச்சம் வந்தவர்கள், கோடரியைப் பிடித்து இந்த மலைகளை மொட்டையடித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பிக்கு இலைத் துரு நோய் வந்து எல்லாம் அழிந்த பிறகு அதே மண்ணில் தேயிலை நட்டார்கள். 2023இல் இருநூறு வருச நினைவாக அந்த வழியை நம் ஆட்கள் திரும்ப நடந்தார்களே, நமக்கு மறந்திருக்காது. வெட்டச் சொன்னவன் துரை, வெட்டியது நம் கை. அந்தப் பழியை நாம் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் எஞ்சியிருக்கிற காட்டை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியில் நமக்கு இடம் வேண்டும்.

சரி, இதுவரை டூர் கதை. இனிமேல்தான் சங்கத்து வேலை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்புகிற வழியில் கித்துல்கலவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். எங்களோடு வந்த ஒரு அண்ணன் தனியாக வந்து நின்றார். பெயர் சொல்லப்போவதில்லை, சொல்லச் சம்மதமும் இல்லை. "டீச்சர், ஒரு விசயம். மேல் மலையில நான் மூணு கம்பி வச்சிருக்கேன்" என்றார்.

கம்பி என்றால் என்னவென்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மோட்டார் சைக்கிள் கிளச் கேபிளையோ பிரேக் கேபிளையோ சுருக்குப் போட்டு, காட்டுப்பன்றி வருகிற ஒற்றையடிப் பாதையில் கட்டுகிறது. அந்த அண்ணன் வேட்டைக்காரர் இல்லை. லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கருக்கும் குறைந்த மரக்கறித் தோட்டம். 2022இல் கோதுமை மா விலை ஏறி, ரொட்டிகூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் போனபோது, அந்தத் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கும் லீக்சும் போட்டார். இரண்டு இரவில் பன்றி கிளறிப் போட்டது. அதற்குப் பிறகுதான் கம்பி வைத்தார். பன்றி அகப்பட்டது, லயத்தில் நாலு வீட்டுக்குக் கறி கிடைத்தது. நம்மில் யார் அந்தக் கறியைச் சாப்பிடவில்லை? அதனால் இங்கே யாரும் யாரையும் குற்றவாளி என்று பார்க்க வேண்டாம்.

ஆனால் கம்பிக்குப் பன்றி எது, புலி எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கரும்புலி ஒன்று கம்பியில் மாட்டியது. நம் நாட்டில் கரும்புலியைக் கண்ணால் பார்த்தவர்களே மிகச் சிலர். வனசீவராசிகள் திணைக்களத்தார் வந்து மயக்க ஊசி போட்டு மீட்டு, உடவளவைக்குக் கொண்டுபோய் மருந்து செய்தார்கள். சில நாளில் செத்துப்போனது. உலகப் பத்திரிகையெல்லாம் எழுதியது. எழுதினவர்கள் புலியைப் பற்றி எழுதினார்கள். அந்த மலையில் அடுத்த நாள் காலையில் கூடையோடு ஏறின பெண்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

கம்பியில் மாட்டின புலி எப்போதும் ஒரே இடத்தில் நிற்காது. கட்டின குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, வயிற்றில் கம்பியோடு, தேயிலைக்குள் படுத்துக் கிடக்கலாம். சாதாரணமாக மனித வாடை பட்டால் விலகிப்போகிற மிருகம், ஓட முடியாமல் வலியோடு கிடக்கும்போது, கைக்கெட்டினவர்களை அடிக்கும். கொழுந்து எடுக்கப் போகிறவள் இடுப்பளவு செடிக்குள் கையை விடுகிறாள். அங்கே என்ன படுத்திருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? குளவிக் கொட்டுக்கு ஓட நமக்குத் தெரியும். இதற்கு எங்கே ஓடுவது?

இன்னொன்று. புலி சாப்பிடுகிறவற்றில் காட்டுப்பன்றிக் குட்டியும் உண்டு, கேளையாடும் உண்டு. புலியைக் கொன்றால் பன்றி குறையாது. நாம் வைக்கிற கம்பி நம் உருளைக்கிழங்குக்கே எதிராக வேலை செய்கிறது. அதோடு சட்டமும் இருக்கிறது. வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இலிருந்து இருக்கிறது. கம்பியில் புலி செத்தால் பொலிஸ் முதலில் வருவது லயத்துக்குத்தான். வழக்கு, நீதிமன்றம், வேலை நாள் போகிறது, வீட்டில் அடுப்பு அணைகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அண்ணனும் நாங்கள் ஆறு பேரும் மேல் மலைக்கு ஏறினோம். தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடம். முதல் கம்பி இருந்தது, வெறுமையாக. அவிழ்த்தோம். இரண்டாவதும் இருந்தது, அதில் பன்றி மயிர் ஒட்டியிருந்தது. அதையும் அவிழ்த்தோம்.

மூன்றாவது இல்லை.

குச்சி நட்ட குழி இருந்தது. குச்சி இல்லை, கம்பி இல்லை. புல் நசுங்கி, மண் கிளறி, கீழே தேயிலைப் பக்கம் இழுத்துப்போன தடம் பத்தடி தெரிந்தது. அதற்குப் பிறகு இல்லை. பன்றி இழுத்துப் போயிருக்கலாம், புலியாகவும் இருக்கலாம். ஏதோ ஒரு மிருகம் உடம்பில் கம்பியோடு நடக்கிறது. அந்த அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை அந்த மலைக்குக் கொழுந்துக்குப் போக இருந்தவர்களில் அவர் மனைவியும் ஒருவர்.

அன்றே வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொன்னோம். தோட்டத்து அலுவலகத்திலும் சொன்னோம். யார் வைத்தது என்று சொல்லவில்லை, கம்பியோடு மிருகம் இருக்கலாம் என்று மட்டும் சொன்னோம். திங்கட்கிழமை பெரட்டில் பெண்களை வேறு மலைக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடி அதே மலைக்குப் போகச் சொன்னார்கள். கொழுந்து முத்திவிடுமாம். நம் பெண்கள் போனார்கள், நாலு நாலு பேராக, வரிசைக்கு முன்னால் ஒரு ஆண் தடியோடு தட்டிக்கொண்டு போக. ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கம்பி இன்றுவரை கிடைக்கவில்லை.

தலைவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லுகிறோம். இது தொழில் பாதுகாப்புப் பிரச்சினை. அதனால் இது சங்கத்து வேலைதான். நாங்கள் இருபத்தெட்டுப் பேரும் பேசி, நாலு விஷயத்தை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறோம்.

முதலாவது, நம் கையில் இருப்பது. ஒவ்வொரு தோட்டத்திலும் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, தலைவரும் இளைஞரும் சேர்ந்து காட்டோரத்தைச் சுற்றி நடந்து கம்பி இருந்தால் அவிழ்க்க வேண்டும். வைத்தது யார் என்று கேட்கக்கூடாது, பொலிசுக்குப் பெயர் கொடுக்கக்கூடாது. வைத்தவர்களே வந்து இடத்தைக் காட்டினால் இன்னும் நல்லது. அந்த அண்ணன் முதல் ஆளாக வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது, நிர்வாகத்திடம் கேட்பது. கவ்வாத்து இல்லாமல், புல்லு வெட்டாமல், காடாகிப்போன தேயிலை மலைகள் லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பன்றிக்கும் அங்கேதான் இடம், அதைத் தேடிவருகிற புலிக்கும் அங்கேதான் இடம். அவற்றைத் துப்புரவாக்க வேண்டும். மிருக ஆபத்து என்று தகவல் வந்த மலையை, திணைக்களத்தார் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை, கொழுந்துக்குத் திறக்கக்கூடாது. அன்றைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், பேர் வெட்டக்கூடாது.

மூன்றாவது, அரசாங்கத்திடம் கேட்பது. பன்றி அழித்த மரக்கறித் தோட்டத்துக்கு வேலி போட உதவி வேண்டும். நம் பக்கம் வருகிற வனசீவராசிகள் உத்தியோகத்தர்களில் தமிழ் பேசுகிறவர்கள் வேண்டும். ஒரு புலி மாட்டிக் கிடக்கும்போது மொழிபெயர்க்க ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நாலாவது, நம் பிள்ளைகளுக்கு. சிங்கராஜவில் சுற்றுக் கிராமத்துப் பையன்கள்தான் வழிகாட்டி. காடு நின்றால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். அதனால் அவர்களே காட்டுக்குக் காவல். நம் மலையில் சிவனொளிபாதமலைக் காடும் ஹோர்டன் சமவெளியும் 2010இலிருந்து உலக மரபுரிமை. அவற்றின் ஓரத்தில் இருப்பது நம் லயங்கள். உலகமெல்லாம் இருந்து பார்க்க வருகிறார்கள். நம் பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு மூட்டை தூக்கப் போகிறார்கள். வழிகாட்டிப் பயிற்சியை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், பெண் பிள்ளைகளுக்கும் தமிழில் கொடுக்க வேண்டும். இலையோடு இலையாகக் கிடந்த விரியனைக் கண்ட அந்த அம்மாவின் பேத்திக்கு அந்தக் கண் இல்லாமலா இருக்கும்?

காட்டை நேசியுங்கள் என்று நகரத்திலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் போல நாங்கள் பேசவில்லை. காட்டின் ஓரத்தில் இருட்டோடு எழுந்து, பனியில் மலையேறுகிறவர்கள் நாம். அதன் தண்ணீரைக் குடிக்கிறோம், அதன் அட்டைக்கு இரத்தம் கொடுக்கிறோம், அதன் குளவிக்குச் சாகிறோம். அதைப் பற்றி முடிவெடுக்கிற மேசையில் மட்டும் நமக்கு நாற்காலி இல்லை. அதைக் கேட்பதற்கு முன்னால், நாம் வைத்த கம்பியை நாமே அவிழ்த்துவிட்டுப் போய் நிற்போம்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கோயிலடியில் கூடுகிறோம். கம்பி வெட்டுகிற குறடு இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். கையுறை இல்லாதவர்கள் படங்குத் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெற்றிலையும் சுண்ணாம்பும் பெண்கள் கொண்டுவருவார்கள்.

முதலில் அந்த மூன்றாவது கம்பியைத் தேடுவோம்.